விலை பேசி வைத்த சந்தைகள்: போட்டிச் சட்டம் எங்கே தடுமாறுகிறது?

2018 மார்ச் மாதக் கடைசியில் ஊபர் நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவில் தான் நடத்திவந்த வாடகைக் கார் சேவை முழுவதையும் போட்டியாளரான கிராபிடம் ஒப்படைத்தது. பதிலுக்கு கிராபின் 27.5 சதவீதப் பங்குகள் ஊபருக்குக் கிடைத்தன. ஒப்பந்தம் ஒன்றுதான், அது பாதித்த நாடுகள் எட்டு. சிங்கப்பூரின் போட்டி ஆணையம் ஆறே மாதத்தில் விசாரணையை முடித்து, இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 1.3 கோடி வெள்ளி அபராதம் விதித்தது. தள்ளுபடிகளைக் கழித்துப் பார்த்தால் கட்டணம் 10 முதல் 15 சதவீதம் ஏறியிருந்தது என்றும் அது கணக்கிட்டது. பிலிப்பைன்ஸ் நிபந்தனைகள் விதித்தது. வியட்நாம் விசாரித்துப் பார்த்து, சட்டமீறல் இல்லை என்று முடித்துக்கொண்டது. மலேசியச் சட்டத்தில் நிறுவன இணைப்பைத் தடுக்கும் அதிகாரமே அப்போது கிடையாது. ஆகவே அங்கே கிராபின் பிந்தைய நடத்தையை மட்டும்தான் விசாரிக்க முடிந்தது. சிங்கப்பூரின் உத்தரவு கண்டிப்பானது, விரைவானது. ஆனால் அது வருவதற்குள் ஊபரின் செயலி அந்த நாடுகளில் மூடப்பட்டுவிட்டது. போன போட்டியாளர் திரும்பி வரவில்லை.

இன்று 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் போட்டிச் சட்டம் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை 1990-க்குப் பிறகு எழுதப்பட்டவை. சட்டத்தின் வாசகம் நாட்டுக்கு நாடு அவ்வளவாக மாறுவதில்லை: விலையைக் கூடிப் பேசாதே, சந்தையில் உனக்குள்ள ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தாதே, போட்டியை அழிக்கும்படி நிறுவனங்களை இணைக்காதே. வாசகம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் பயன் ஏன் இப்படி வேறுபடுகிறது? இதற்கு விடை தேடும் அறிஞர்கள் சட்டத்தின் நோக்கத்தைப் பற்றி நிறைய விவாதிக்கிறார்கள். தவறு பெரும்பாலும் காலத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தீர்ப்பு வரும்போது, அது எதைப் பற்றியதோ அந்தச் சந்தையே இருப்பதில்லை. இன்னொரு குறையும் உண்டு. அபராதம் அரசுக்குப் போகிறது. கூடுதல் விலை கொடுத்தவருக்கு எதுவும் போவதில்லை.

நோக்கம் பற்றிய விவாதத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கனடா 1889-லும் அமெரிக்கா 1890-லும் இத்தகைய சட்டங்களை இயற்றின. அமெரிக்காவின் ஷெர்மன் சட்டத்தின் கீழ் 1911-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அன்றைய அரசியல்வாதிகள் விலையை மட்டும் பார்க்கவில்லை. ஒரு தனியார் நிறுவனம் அரசைவிட வலிமை பெற்றுவிடுமோ என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. போருக்குப் பிறகு ஜப்பானுக்கு 1947-லும், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்கு 1957 ரோம் ஒப்பந்தத்திலும் இதே கவலை சட்டமானது. 1978-இல் ராபர்ட் போர்க் எழுதிய நூல் அமெரிக்க நீதிமன்றங்களின் பார்வையை மாற்றியது. நுகர்வோருக்கு விலை ஏறியதா, உற்பத்தி குறைந்ததா என்பதே கேள்வி, மற்றவை அரசியல் என்றார் அவர். அளவுகோல் தெளிவானது. ஆனால் தேடுபொறியையும் சமூக வலைத்தளத்தையும் இலவசமாகத் தரும் நிறுவனங்கள் வந்தபோது அந்த அளவுகோலால் அவற்றை அளப்பது கடினமாகிவிட்டது. 2017-இல் அமேசான் பற்றி எழுதிய கட்டுரையில் லீனா கான் சுட்டிக்காட்டியது இதைத்தான். நான்கு ஆண்டுகளில் அவரே அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் தலைவரானார்.

தென்னாப்பிரிக்கா வேறு வழியில் போனது. 1998-இல் அது இயற்றிய சட்டம் வேலைவாய்ப்பையும், நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களின் தொழில் வாய்ப்பையும் இணைப்பு விசாரணையில் பார்க்கச் சொல்கிறது. வால்மார்ட் அங்குள்ள மாஸ்மார்ட்டை வாங்கியபோது, முன்பு வேலைநீக்கம் செய்யப்பட்ட 503 தொழிலாளர்களைத் திரும்ப எடுக்க 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நல்ல பொருளாதாரமாக எல்லோரும் ஏற்பதில்லை. அரசியல் தலையீட்டுக்கு இது வாசல் திறக்கிறது என்பது உண்மையான அச்சம்தான். ஆனால் எதை எடைபோடுகிறோம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டு எடைபோடுவது, எழுதாமல் மறைவாக எடைபோடுவதைவிட நேர்மையானது. நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவாவது அதில் இடம் இருக்கிறது.

ஏழை நாடுகளுக்கும் நடுத்தர நாடுகளுக்கும் இந்த விவாதம் முதன்மையானது என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே மக்களின் பையிலிருந்து பணம் போவது பெரும்பாலும் பழைய வழியில்தான். ரொட்டி, சிமென்ட், மருந்து, உரம், டயர் விற்பவர்கள் கூடி உட்கார்ந்து விலை பேசிக்கொள்கிறார்கள். நம் ஊரில் ‘சிண்டிகேட் போட்டுவிட்டார்கள்’ என்று சொல்வது இதைத்தான். இதைத் தவறு என்று சொல்ல எந்தப் பொருளாதாரப் பள்ளியும் தயங்குவதில்லை, ராபர்ட் போர்க்கும் தயங்கவில்லை.

சிண்டிகேட்டை உடைக்க அமெரிக்கா கண்ட கருவி எளியது. முதலில் வந்து உண்மையைச் சொல்லும் நிறுவனத்துக்கு முழு மன்னிப்பு. மற்றவர்களுக்கு அபராதம், நிர்வாகிகளுக்குச் சிறை. 1993-இல் இந்தத் திட்டத்தைத் திருத்தி, விசாரணை தொடங்குமுன் வருகிற முதல் நிறுவனத்துக்கு மன்னிப்பு உறுதி என்று ஆக்கியதும், கூட்டாளிகளுக்குள் சந்தேகம் புகுந்தது. வைட்டமின் விவகாரம் அப்படித்தான் வெளியே வந்தது. 1990-களில் சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன்-லா ரோஷ், ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப், பிரான்சின் ரோன்-பூலாங்க் முதலான நிறுவனங்கள் வைட்டமின்களின் விலையையும், யார் எவ்வளவு விற்பது என்பதையும் உலக அளவில் பேசி வைத்திருந்தன. கோழித் தீவனம் முதல் குழந்தை உணவு வரை எல்லாவற்றிலும் அந்தக் கூடுதல் விலை கலந்திருந்தது. ரோன்-பூலாங்க் அமெரிக்க அரசிடம் போய் ஒப்புக்கொண்டது. 1999-இல் ரோஷ் 50 கோடி டாலரும் பிஏஎஸ்எஃப் 22.5 கோடி டாலரும் அபராதம் கட்டின. 2001-இல் ஐரோப்பிய ஆணையம் எட்டு நிறுவனங்கள்மீது 85.5 கோடி யூரோ விதித்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. உக்ரைன், ஆஸ்திரேலியா, ஈக்குவடோர், பனாமா ஆகிய நாடுகளில் வைட்டமின் வாங்கிய நிறுவனங்கள் இழப்பீடு கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போயின. வெளிநாட்டில் நேர்ந்த, அமெரிக்கச் சந்தையின் பாதிப்போடு தொடர்பில்லாத இழப்புக்கு அமெரிக்கச் சட்டம் பொருந்தாது என்று 2004-இல் எம்பக்ரான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவரவர் நாட்டுச் சட்டம் அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற மரியாதை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் அப்போது பல நாடுகளில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இருந்த இடங்களில் அதை நடத்த ஆள் இல்லை. பணக்கார நாடுகளின் கருவூலங்களுக்கு அபராதம் போய்ச் சேர்ந்தது. ஏழை நாடுகள் கட்டிய கூடுதல் விலை கட்டியதாகவே போயிற்று. உலகச் சந்தையில் கூடிப் பேசி உள்ளூர் நீதிமன்றத்தில் மட்டும் பதில் சொல்லலாம் என்றால், சட்டம் பலவீனமான நாட்டைப் பார்த்து விலையை ஏற்றுவதுதானே வியாபாரிக்கு லாபம்?

இந்தியாவின் சிமென்ட் வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலம் செய்யும் கேட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியாது. 1969-இன் ஏகபோகச் சட்டத்துக்கு மாற்றாக 2002-இல் போட்டிச் சட்டம் வந்தது. ஆணையத்தின் அமைப்பை எதிர்த்த வழக்கால் அதன் முக்கியப் பிரிவுகள் 2009 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தன. சட்டம் பிறந்து நடக்கவே ஏழு ஆண்டுகள். அடுத்த ஆண்டே இந்தியக் கட்டுநர் சங்கம் சிமென்ட் நிறுவனங்கள்மீது புகார் கொடுத்தது. 2012 ஜூனில் ஆணையம் பதினொரு நிறுவனங்கள்மீது சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஏசிசி, அம்புஜா, அல்ட்ராடெக், ஜேபி, செஞ்சுரி, பினானி, லஃபார்ஜ் ஆகியவற்றோடு நம் ஊர் இந்தியா சிமென்ட்ஸும், இன்று ராம்கோ என்று அறியப்படும் மெட்ராஸ் சிமென்ட்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தன. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் சிக்கவில்லை. விலைகள் சேர்ந்தே ஏறியது, தொழிற்சாலைகள் திறனுக்குக் குறைவாக ஓடியது, சங்கக் கூட்டங்களில் தகவல் பரிமாறியது ஆகியவற்றை வைத்து ஆணையம் முடிவுக்கு வந்தது. சில பேரே விற்கும் சந்தையில் விலை ஒன்றாக நகர்வது இயல்பு, அது கூட்டுச் சதிக்குச் சான்றாகாது என்று நிறுவனங்கள் வாதாடின. வாதாட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் வழக்கு அந்த வாதத்தில் சிக்கவில்லை. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவை ரத்து செய்தது. காரணம், வாதங்களைக் கேட்காத தலைவர் தீர்ப்பில் கையெழுத்திட்டிருந்தார். ஆணையம் மறுபடி விசாரித்து 2016 ஆகஸ்டில் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது. 2018 ஜூலையில் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டே வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அபராதத்தில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்தினால் போதும் என்ற ஏற்பாடு தொடர்ந்தது. யார் கேட்டார், யார் கையெழுத்திட்டார் என்ற அடிப்படை நடைமுறையில் சறுக்கி ஓர் ஆணையம் சில ஆண்டுகளை இழந்தது. அந்த ஆண்டுகளின் விலையை யார் கொடுத்தார்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை.

இதற்கிடையில் சந்தை என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஜேபியின் ஆலைகளில் பெரும்பகுதி 2017-இல் அல்ட்ராடெக்கிடம் போனது. 2018-இல் பினானி, 2019-இல் செஞ்சுரியின் சிமென்ட் பிரிவு, 2024 டிசம்பரில் இந்தியா சிமென்ட்ஸ் என்று அடுத்தடுத்து அதே நிறுவனத்தின் கைக்கு வந்தன. லஃபார்ஜ் இந்தியாவை 2016-இல் நிர்மா வாங்கியது. ஏசிசியும் அம்புஜாவும் 2022-இல் அதானி குழுமத்துக்குப் போயின. இவை எல்லாம் சட்டப்படி நடந்தவை; இந்தியா சிமென்ட்ஸ் கைமாறியதற்குப் போட்டி ஆணையமே ஒப்புதல் தந்தது. கூடிப் பேசினார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் பலர் இப்போது ஒரே நிறுவனத்துக்குள் இருக்கிறார்கள். ஒரே நிறுவனத்துக்குள் விலை பேசுவது குற்றமாகாது. சிண்டிகேட்டை விசாரிக்கும் பிரிவும் இணைப்பை அனுமதிக்கும் பிரிவும் ஒரே கட்டடத்தில் இருந்தும், ஒன்றின் கோப்பை மற்றது போதுமான அளவு படிக்கிறதா என்ற கேள்வி இங்கே எழுகிறது. கூட்டுச் சதி வழக்கு நிலுவையில் உள்ள ஒரு துறையில், அந்த வழக்கின் தரப்புகளே ஒன்றையொன்று வாங்கும்போது, இணைப்பை நியாயப்படுத்தும் பொறுப்பை வாங்குபவர்மீதே போட வேண்டும். இதற்குப் பெரிய சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.

டயர் வழக்கும் இப்படித்தான். சென்னை எம்ஆர்எஃப் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள்மீது சுமார் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்து 2018 ஆகஸ்டில் எழுதப்பட்ட உத்தரவு, நீதிமன்ற வழக்கால் மூடிய உறையில் கிடந்து 2022 பிப்ரவரியில்தான் வெளியானது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மறுபடி பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது.

இது இந்தியாவின் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கூகுள் தன் தேடலில் தன்னுடைய விலை ஒப்பீட்டுச் சேவையையே முன்னிறுத்துகிறது என்ற புகாரை ஐரோப்பிய ஆணையம் 2010 நவம்பரில் விசாரிக்கத் தொடங்கியது. 242 கோடி யூரோ அபராதம் 2017 ஜூனில் வந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் அதை இறுதியாக உறுதி செய்தது 2024 செப்டம்பரில். பதினான்கு ஆண்டுகள். அமெரிக்காவில் 2020-இல் தொடங்கிய தேடுபொறி வழக்கில், கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் முதல் தேடுபொறியாக இருப்பதற்கு அந்த நிறுவனம் 2021-இல் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தது. ஆனால் 2025 செப்டம்பரில் பரிகாரம் சொல்லும்போது கூகுளின் குரோம் உலாவியை விற்கச் சொல்லவில்லை. பிரத்யேக ஒப்பந்தங்களைத் தடுத்து, சில தரவுகளைப் போட்டியாளர்களோடு பகிரச் சொன்னதோடு நின்றுகொண்டார். செயற்கை நுண்ணறிவு சந்தையை மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அவர் ஒரு காரணமாகக் கொண்டார். வழக்கு நீளும், நீண்டதால் சந்தை மாறும், சந்தை மாறியதால் பரிகாரம் சுருங்கும். இந்தச் சுற்றை எங்காவது வெட்டியாக வேண்டும்.

வெட்டுவதற்கு இரண்டு வழிகள் சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் தவறு நடந்தபின் நிரூபிப்பதை விட்டு, பெரிய தளங்களுக்கு முன்கூட்டியே கடமைகளை விதிக்கிறது. 2024 மார்ச்சில் கடமைகள் தொடங்கின. 2025 ஏப்ரலில் ஆப்பிள்மீது 50 கோடி யூரோவும் மெட்டாமீது 20 கோடி யூரோவும் அபராதம் வந்தது. முந்தைய வழக்குகளோடு ஒப்பிட்டால் இது நல்ல வேகம். இந்தியாவிலும் 2024 மார்ச்சில் இதையொட்டிய மசோதா வரைவு வெளியானது. ஆனால் ஐரோப்பாவின் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விதி எழுதும்போது இருந்த சந்தையைத்தான் விதி பார்க்கும்.

இரண்டாவது வழியை நான் அதிகம் மதிக்கிறேன்: இடைக்கால உத்தரவு. செய்தி நிறுவனங்களுக்கு கூகுள் பணம் தருவது பற்றிய வழக்கில் பிரான்சின் போட்டி ஆணையம் 2020 ஏப்ரலில், முழு விசாரணைக்குக் காத்திராமல், பேச்சுவார்த்தை நடத்தும்படி இடைக்கால உத்தரவு போட்டது. அதை மீறியதற்கு அடுத்த ஆண்டே 50 கோடி யூரோ அபராதம். அதே அதிகாரம் ஐரோப்பிய ஆணையத்திடமும் இருந்தது. ஆனால் 2001-க்குப் பிறகு 2019-இல் பிராட்காம் வழக்கு வரை அது அதைப் பயன்படுத்தவே இல்லை. இந்தியச் சட்டத்திலும் அந்த அதிகாரம் இருக்கிறது. புதிய சட்டம் தேடுமுன், கையில் உள்ளதைப் பயன்படுத்தத் தயங்குவது ஏன் என்று ஒவ்வோர் ஆணையமும் தன்னைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வேகம் மட்டும் போதுமா என்றால், சீனாவைப் பார்க்க வேண்டும். அலிபாபாமீது 2020 டிசம்பரில் விசாரணை தொடங்கி 2021 ஏப்ரலில் 1,823 கோடி யுவான் அபராதத்தில் முடிந்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. வியாபாரிகளை ஒரே தளத்தில் விற்கக் கட்டாயப்படுத்தியது உண்மையான தவறு. ஆனால் நிறுவனம் எதிர்த்து வாதாடாத, வாதாட முடியாத ஒரு நாட்டில் அந்த வேகத்தை நீதி என்று எப்படிச் சொல்வது? ஆட்சியாளரின் கோபமும் சட்டத்தின் தண்டனையும் அங்கே பிரிக்க முடியாமல் கலந்திருந்தன.

ஆணையத்தின் சுதந்திரம் ஆகவே அலங்காரச் சொல் கிடையாது. 2025-இல் மட்டும் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜனவரியில் பிரிட்டன் அரசு தன் போட்டி ஆணையத் தலைவரை விலக்கி, அமேசானின் பிரிட்டன் பிரிவை முன்பு நடத்தியவரை இடைக்காலத் தலைவராக்கியது. மார்ச்சில் அமெரிக்க அதிபர் வர்த்தக ஆணையத்தின் இரண்டு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களை நீக்கினார். மெக்சிகோ தன் தன்னாட்சிப் போட்டி ஆணையத்தைக் கலைத்து அரசின் கீழ் வேறொன்றை அமைத்தது. இந்தியாவில் யாரும் யாரையும் நீக்கவில்லை. இடத்தை நிரப்பாமலேயே விட்டார்கள். 2022 அக்டோபரில் தலைவர் ஓய்வுபெற்றபின் முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் இல்லாமல் ஆணையம் தவித்தது. புதிய தலைவர் வந்தது 2023 மே மாதம். ஓய்வுபெறும் தேதி முன்பே தெரிந்த ஒரு பதவிக்கு ஏழு மாதம் ஆள் கிடைக்கவில்லை என்பதை ஏற்க முடியாது. தலைவர் ஓய்வுபெறும் நாளன்று அடுத்தவர் தயாராக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதுவது, அபராத விகிதத்தைப் பற்றிய எந்தத் திருத்தத்தைவிடவும் பயன் தரும்.

எல்லை தாண்டும் நிறுவனங்களுக்கு எல்லை தாண்டும் சட்டம் வேண்டும் என்ற கனவு பழையது. 1948 ஹவானா சாசனத்தில் அதற்கு ஓர் அத்தியாயமே இருந்தது. சாசனம் நடைமுறைக்கு வரவில்லை. 1996-இல் சிங்கப்பூரில் கூடிய உலக வர்த்தக அமைப்பு அந்த முயற்சியை மறுபடி தொடங்கியது. 2001 தோஹா மாநாட்டில் இந்தியாவின் வர்த்தக அமைச்சராக இருந்த முரசொலி மாறன், இந்த ‘சிங்கப்பூர் விவகாரங்களில்’ எல்லா நாடுகளின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் பேச்சு தொடங்கக் கூடாது என்று கடைசிவரை நின்றார். 2003-இல் கான்குனில் பேச்சு முறிந்தது, 2004-இல் போட்டிக் கொள்கை பட்டியலிலிருந்தே நீங்கியது. மாறனின் அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. போட்டிக் கொள்கை என்ற பெயரில் பணக்கார நாடுகள் சந்தையைத் திறக்கும் நிபந்தனையைத்தான் எழுதப் பார்த்தன. ஆனால் ஏற்றுமதி செய்யும் நாட்டுச் சிண்டிகேட்டுகளிடமிருந்து இறக்குமதி செய்யும் நாட்டைக் காப்பது என்ற ஒரே அம்சத்தை மட்டும் கேட்டுப் பெற்றிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. அந்த வாய்ப்பு போயிற்று. எஞ்சியது 2001-இல் உருவான சர்வதேசப் போட்டி வலைப்பின்னல். அது பயிற்சியும் ஆலோசனையும் தருகிறது, யாரையும் கட்டுப்படுத்துவதில்லை.

பணம் யாருக்குத் திரும்ப வேண்டும் என்பதில் தென்னாப்பிரிக்காவின் ரொட்டி வழக்கு வழிகாட்டுகிறது. மேற்குக் கேப் மாகாணச் சிறு விநியோகஸ்தர்கள் 2006 டிசம்பரில் விலைகள் ஒரே நேரத்தில் ஏறியதையும் தங்கள் கழிவு குறைந்ததையும் கண்டு புகார் செய்தார்கள். 2010 சமரசத்தில் பயனியர் ஃபுட்ஸ் 50 கோடி ராண்ட் அபராதத்தோடு, விலையையும் குறைக்க ஒப்புக்கொண்டது. புகார் செய்த விநியோகஸ்தர்கள் கூட்டு வழக்குப் போடும் உரிமைக்காக அரசமைப்பு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2013-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. பிரிட்டன் 2015-இல் நுகர்வோர் அனைவருக்கும் சேர்த்து ஒருவரே வழக்காடும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் 1,400 கோடி பவுண்ட் கேட்ட மாஸ்டர்கார்டு வழக்கு 2025-இல் 20 கோடிக்கு முடிந்தது. இந்தியாவில் அபராதம் நாட்டின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. இழப்பீடு கேட்பவர் தவறு நிரூபிக்கப்பட்ட பிறகுதான் தீர்ப்பாயத்தை அணுக முடியும். 2010-இல் வீடு கட்டியவர் அன்று வாங்கிய சிமென்ட் மூட்டையின் ரசீதை இன்னும் எத்தனை ஆண்டு வைத்திருப்பார்? அபராதத்தில் ஒரு பகுதியை விலைக் குறைப்பாகவே, அதே பொருளில், அதே பகுதியில் கொடுக்க வைப்பது தென்னாப்பிரிக்கா காட்டிய வழி. 2023 திருத்தத்தில் இந்தியா கொண்டுவந்த சமரச முறை ஆதிக்க வழக்குகளுக்கும், உற்பத்தியாளர்-விநியோகஸ்தர் போன்ற செங்குத்து ஒப்பந்த வழக்குகளுக்கும் மட்டும் பொருந்துகிறது, சிண்டிகேட்டுகளுக்குப் பொருந்தாது. அதை விரிவாக்கினால் இந்த வழி திறக்கும்.

சிறிய நாடுகள் தனித்தனியாக நின்றால் ஒரு பன்னாட்டு நிறுவனத்தை விசாரிக்க ஆளும் பணமும் போதாது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் கோமேசா நாடுகள் இதை உணர்ந்து 2013 முதல் மலாவியில் ஒரே ஆணையத்தை நடத்துகின்றன. பல நாடுகளைப் பாதிக்கும் இணைப்பு அங்கே ஒரே மனுவாக வருகிறது. தெற்காசியாவில் அப்படி எதுவும் இல்லை. இலங்கையில் 1987-இன் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் இணைப்பை ஆராயும் அதிகாரம் இருந்தது. 2003-இல் அதன் இடத்தில் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதை விட்டுவிட்டது. கொழும்பு தன் சட்டத்தில் அந்த அதிகாரத்தை முதலில் திரும்ப எழுத வேண்டும். அது நடந்தால், இரு கரையிலும் விற்கும் நிறுவனங்களைப் பற்றிய கோப்புகளையும் மன்னிப்புக் கேட்டு வருபவர்கள் தரும் சான்றுகளையும் டெல்லியும் கொழும்பும் பகிர்ந்துகொள்ள, உலக வர்த்தக அமைப்பின் அனுமதி எதற்கும் காத்திராமல், ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.